உப்புப் போட்ட தண்ணீர்

இப்போதெல்லாம் ஜனங்கள் பால்குடி மறக்காத பிள்ளைகள் மாதிரிதான் திரிகிறார்கள். மாரிகுப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்கு நிற்பவர்களைப் பார்த்தால் போதும். போனைப் பார்த்து ஒரு வாய், தலையைச் சொறிந்து ஒரு வாய் என்று பாட்டிலை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கணுமாம், போன் சொல்கிறதாம். தாகத்துக்கு எவன் கணக்குச் சொல்வது என்று சாம்ராஜுக்கு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் அவர் மாணிக்கராஜின் வீட்டுக்குள் நுழைந்தார். தங்கச் சுரங்கத்தை மூடுகிறவரைக்கும் இருவரும் ஒரே ஷிப்ட். மாணிக்கராஜுக்கு இப்போது இரண்டு கிட்னியும் போய், டயாலிசிஸில் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மகள் ஜாய் அதை அளந்து பாட்டிலில் வைத்துவிட்டு, சாம்ராஜைத் துணைக்கு இருக்கச் சொல்லி, ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தாள்.

"வாடா சாம்ராஜு. நாக்கு பலகையா பூட்ச்சு. ஒரு வாய் தண்ணி குடு."

"ஒம்பொண்ணு வெச்ச பாட்டில் இன்னா ஆச்சு?"

"அது பல்லிக்குக்கூட பத்தாது. அப்பவே காலி."

உதடு வெடித்திருந்தது. கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி இருந்தன.

"கால் இன்னாடா இப்டி கீது?"

"தண்ணி கோத்துக்கினுதாம்."

"தண்ணியே குடுக்காத ஆளுக்கு எங்கேர்ந்துடா தண்ணி கோக்கும்? பைத்தியக்காரப் பசங்க!"

சுரங்கத்தின் ஆழத்து லெவலில் பாறை தோசைக்கல்லாய்க் கொதிக்கும். வெறுந்தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தவன் கைகால் இழுத்துக்கொண்டு விழுவான். உப்புப் போட்டுக் குடித்தவன் தன் காலில் நடந்து வந்து, மேலே தூக்கும் கூண்டான கேஜில் ஏறுவான். சாம்ராஜ் பள்ளிக்கூடத்தில் அல்ல, சுரங்கத்தில் படித்த பாடம் அது. இந்த டாக்டர் பையன் எந்த ஷாப்டில் இறங்கினான்?

சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, கல்லுப்பு ஒரு பிடி போட்டுக் கலக்கிக் கொடுத்தார். மாணிக்கராஜ் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"கேஜ்ல மேல வந்த மாதிரி கீதுடா."

உப்பு மறுபடி தாகம் கேட்டது. இன்னொரு சொம்பு. அப்புறம் இன்னொன்று.

ஜாய் திரும்பி வந்தபோது மாணிக்கராஜால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்கு அடித்துக்கொண்டார். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் கல்லறையிலிருந்து திரும்பியதும் வாசலில் ஜாய் மறித்தாள்.

"பெரியப்பா, நிஜத்த சொல்லுங்க. தண்ணி குடுத்தீங்களா?"

"குடுத்தேன். உப்புப் போட்டு."

"உப்பா!" அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "உப்பே ஆவாதுன்னு சொன்னாங்களே! குடிச்ச தண்ணி நெஞ்சுக்கு ஏறிட்ச்சு பெரியப்பா."

"போன் நாலு லிட்டர் இன்னுது, ஒங்க டாக்டர் மூணு டம்ளர் இன்றான். எவனோ பொய் சொல்றான்."

"அது நல்லா இருக்கறவங்களுக்கு! அப்பாவுக்கு ஒண்ணுக்கே வராதே. குடிச்சது எங்க போவும்?"

"நாக்கு காஞ்சி சாவறதுக்கு இது மேல்."

"அவர் சாவல. நீங்க சாவடிச்சீங்க. போங்க. இந்த வாசப்படி இனிமே மிதிக்காதீங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் இறங்கினார். சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து புழுதி கிளம்பி மூஞ்சியில் அடித்தது. தொண்டை காய்ந்தது. தெருக் குழாயைத் தாண்டியும் அவர் நிற்கவில்லை.

"வெறுந்தண்ணியா குடுத்தேன்?" என்று முனகிக்கொண்டே நடந்தார். "உப்புப் போட்டுத்தானே குடுத்தேன்."