ஏழாம் கேள்வியும் இருபத்துநான்கு இருமல்களும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை, ஒரு விண்ணப்பப் படிவத்தில் பிறந்தது. வருடம் 1962. சிராங்கூன் ரோட்டை ஒட்டி ஒரு பொம்பா நிலையம். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். தீயணைப்பு நிலையம் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அங்கே யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்:

அபாயச் சங்கு அலறியது. கரும்புகை வானத்தை

விட்டுவிட்டேன். அன்று எங்கும் தீப்பிடிக்கவில்லை. இந்தக் கதையில் எரிவது கோப்பி அடுப்பு மட்டும்தான்.

இரண்டாம் தொடக்கம்:

எங்கள் பக்கத்து வீட்டு மருதப்பனின் மனைவி கதை எழுதுகிறவள். அவளுக்கு ஒரு நாள்

இதுவும் ஆகாது. பக்கத்து வீடு என்று ஒன்றும் இல்லை. அவள் நான்தான். மருதப்பன் என் கணவர், நிலையத்தில் தீயணைப்பு வீரர். நிலையத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் எங்களுடையவை. சொல்லிவிட்டேன். இப்போது மூச்சு விட முடிகிறது.

2

நிலையத்தில் இருபத்துநான்கு பேர். முகமூடி போட்டுப் புகைக்குள் போகப் பழகுவதற்கு ஒரு பயிற்சி அறையும், ஆண்டுக்கு ஒருமுறை எல்லார் நெஞ்சுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டுமென்று அதிகாரி ஆசைப்பட்டார். அதுவரை எல்லாரும் ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டுதான் புகைக்குள் போனார்கள். கடைசியாக வெளியே வருகிறவன் அன்றைக்கு ராஜா; அவனுக்கு மற்றவர்கள் கோப்பி வாங்கித் தரவேண்டும்.

இந்த மாதிரிக் காரியங்களுக்குப் பணம் தரும் அறக்கட்டளை ஒன்று இருந்தது. படிவத்தை யார் நிரப்புவது? தீயணைப்பு வண்டி ஓட்டும் ஜமால் முகம்மது அண்ணன் என்னைக் கைகாட்டினார்.

"மருதப்பன் சம்சாரம் பேப்பர்ல கதை எழுதுது சார். இல்லாததையே அவ்வளவு எழுதும், இருக்கிறதை எழுதாதா?"

முதல் ஆறு கேள்விகளுக்கும் பதில் பறந்தது. "அஞ்சா நெஞ்சினர்" என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன போடலாம் என்று அரை மணி நேரம் யோசித்தேன். (அந்த அரை மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்கத்தான் நினைத்தேன்.)

ஏழாம் கேள்வி: தற்போது நெஞ்சு நோய் உள்ளவர்கள் எத்தனை பேர்?

எனக்குப் பதில் தெரியும். ஒருவர். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, தலையணையில் முகம் புதைத்து இருமுகிறவர்.

"சைபர்னு போடு" என்றார் என் கணவர். "தெரிஞ்சா வேலை போயிடும். வேலை போனா வீடும் போயிடும். அப்புறம் பிடோக் கம்பத்துல, அந்தப் பட்டிக்காட்டுல, உங்க அக்கா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்துலதான் படுக்கணும்."

மற்ற இருபத்துமூன்று பேரையும் கேட்டேன். சவரிராஜ் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "பொம்பாக்காரன் நெஞ்சு இரும்பு லா அக்கா. ஒருத்தனுக்கும் ஒண்ணும் இல்லைன்னு எழுதுங்க!"

எழுதினேன்.*

* வாசகருக்கு மட்டும்: என் கை நடுங்கவில்லை. நடுங்கியதாக முந்தைய பிரதியில் எழுதி அடித்துவிட்டேன். சைபர் நல்ல வட்டமாக வந்தது. அதன் அழகைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டுகூட இருந்தேன். மை காய்ந்த பிறகுதான் பயம் வந்தது.

3

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தங்கள் ஆட்கள் அனைவரும் நலம் என்றறிந்து மகிழ்கிறோம். அப்படியானால் பரிசோதனை எதற்கு என்று விளங்கவில்லை. எங்கள் உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார்.

ஒரே உறைக்குள் வைத்தியம் கேட்டுவிட்டு வியாதியே இல்லை என்று மார்தட்டியிருந்தோம். இருபத்துநான்கு ஆண்களும் ஒரு கதாசிரியையும் சேர்ந்து செய்த காரியம்.

"இவ்வளவுதானே?" என்றார் ஜமால் அண்ணன். "இருமிக் காட்டிட்டாப் போச்சு."

தண்ணீர்க் குழாய்ப் பயிற்சி முடிந்ததும் இருமல் பயிற்சி. அவர் விசில் ஊதுவார். வரிசை இருமும்.

"சவரி, நீ இருமுறியா, ஆடு விரட்டுறியா?"

"தொண்டை வலிக்குது பாய்!"

"வலிக்கட்டும். அப்பத்தான் உண்மையா இருக்கும்!"

குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. தேக்கா மார்க்கெட்டில் நான் மீன் வாங்க நின்றால் கூட வந்த இரண்டு வாண்டுகள் விசில் அடித்து இருமின. மீன்காரர் கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க நாங்கள் சிரித்தோம். என் கணவரும் சிரித்தார். பயிற்சியில் மட்டும் சேரவில்லை. "எனக்கு நடிக்க வராது" என்றார். ஒருமுறை தொடங்கினால் நிறுத்த முடியாது என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

4

வந்தவர் ரூபி அற்புதராஜ். ஓய்வுபெற்ற நர்ஸ், இருபது வருடம் நெஞ்சு நோய் வார்டில் இருந்தவர். (நான் இட்டுக்கட்டியதாக நினைப்பீர்கள். நானாக இருந்தால் ஒரு வங்கி மானேஜரை அனுப்பியிருப்பேன்.)

விசில் இல்லாமலே தொடங்கிவிட்டார்கள். கொக்கு மாதிரி, மோட்டார் மாதிரி, ஒருவன் ராகம் போட்டும் இருமினான். சிஸ்டர் வரிசையில் நிதானமாக நடந்தார்.

"தம்பி, இது தொண்டையில இருந்து வருது. நெஞ்சுல இருந்து வரணும்." அடுத்தவன் முன்னால்: "நீங்க பரவாயில்லை. கொஞ்சம் முன்னால குனியுங்க."

வரிசைக் கடைசியில் என் கணவர் நிமிர்ந்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர்.

"நீங்க ஏன் இருமல?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பேரைச் சொல்லுங்க."

வாயைத் திறந்தார். "மரு" என்றதோடு உடைந்தது.

ஜமால் அண்ணன் துள்ளிக் கைதட்டினார். "அடி சக்கை! நடிக்க வராதுன்னான் பார்! இதுல்ல இருமல்!"

எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். சிரிப்பு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொருவராக நின்றது. அவர் நிறுத்தவில்லை. சிஸ்டர் அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தபடி காத்திருந்தார்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு புதிய படிவத்தை எடுத்து, நேரே என்னிடம் வந்தார். "பயிற்சி அறைக்கு நான் சிபாரிசு செய்றேன். எக்ஸ்ரேக்கு ஏழாம் கேள்வியில ஓர் உண்மையான நம்பர் வேணும். நாளைக்குள்ள கொடுங்க."

"இவர் வேலை, சிஸ்டர்?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. படம் எடுப்போம், மருந்துக்கு வழி பண்ணுவோம். வேலை எங்க கையில இல்லை."

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஒன்று. எக்ஸ்ரே வண்டி வருகிறது. படத்தில் நிழல். வீட்டுச் சாவியை

(ஆ) சைபர். வீடு இருக்கிறது. தலையணையும்

(இ) ஜமால் அண்ணனுடையது. அன்று மாலை கோப்பிக் குவளையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சிரித்ததற்காக என் கணவர் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. என்னைப் பார்த்தே பேசினார். "இருபத்துநாலுன்னு போடு தங்கச்சி. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. கூட்டத்துல எவன்னு தெரியாது."

"படத்துல ஒவ்வொரு நெஞ்சும் தனித்தனியாத்தான் விழும் பாய்" என்றார் என் கணவர். குவளையை வாங்கிக்கொண்டார். "நான் புகைக்குள்ளேருந்து கடைசியா வரல. எனக்கு எதுக்குக் கோப்பி?"

"குடிடா" என்றார் ஜமால் அண்ணன்.

அவர் குடித்தார், இருமினார். தலையணை எட்டும் தூரத்தில்தான் இருந்தது, எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாட்டு என்று நினைத்துப் பதிலுக்கு இருமின. அவர் சிரித்துவிட்டார். பிறகு பென்சிலை என் பக்கம் உருட்டினார்.

"எழுது."

"என்னன்னு?"

"எவ்வளவோ கதை எழுதுறே. ஒரு நம்பர் எழுத வராதா?"

வரவில்லை. போன தடவை அவ்வளவு அழகாக வந்தது என்பதாலேயே வரவில்லை. ஆகவே பென்சிலை உங்கள் பக்கம் உருட்டுகிறேன். முனை கூராகத்தான் இருக்கிறது. எழுதும்போது ஒன்று செய்யுங்கள்: அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். நான் படிவத்தை மட்டும் பார்த்தேன்.

கேள்வி 7. தற்போது நெஞ்சு நோய் உள்ளவர்கள் எத்தனை பேர்?

பதில்: