இன்றைக்கு வெடி இல்லை

சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பொறுப்பு வைத்திலிங்கத்துக்கு. பக்கத்துக் கல்லூரியில் ஆய்வு செய்யும் பிரவீணா சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற லாரி டிரைவரைப் பார்த்துச் சிரித்தார்.

"வூடு விரிசல் வுடுதுன்னு வந்திருக்காங்க. மாடு மெரளுதுன்னு வந்திருக்காங்க. எலிக்காக வெடிய நிறுத்தச் சொல்ற மொத ஆளு நீதாம்மா."

"எங்க வூடும் விரிசல் வுட்டுச்சுங்க. அதுக்கு வரல. ஒரே ஒரு நாளுங்க. நாளைக்குக் காலையில திருச்சியிலேருந்து காதையும் கண்ணையும் அளக்குற மிஷின் வருது. அதுவரைக்கும் குட்டிங்க உசுரோட இருக்கணும்."

"செத்தா வேற புடிக்க வேண்டியதுதான? எங்க ஷெட்டுல வேணுங்கிற அளவு கெடக்கு."

டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

வேறு எலி உதவாது. அவள் வளர்க்கும் வெள்ளை எலிகளின் உடம்பில் ஒரு மரபணு பழுது. காதுக்குள் இருக்கும் மயிரிழைகளுக்கும் கண்ணின் விழித்திரைக்கும் வேண்டிய ஒரு புரதத்தை அந்த மரபணுதான் உண்டாக்குகிறது. அது கெட்டால் காது மந்தமாகும். பிறகு கண் மங்கும். அதற்கெல்லாம் முன்பு, மூன்று வார வயதில், சத்தம் கேட்டால் குட்டிக்கு வலிப்பு வரும். வந்தால் பெரும்பாலும் பிழைக்காது. அந்த மூன்றாவது வாரத்தில்தான் காதையும் கண்ணையும் ஒருசேர அளக்க வேண்டும்.

இரண்டு ஈத்துக் குட்டிகள் ஏற்கெனவே போய்விட்டன. இரண்டு தடவையும் மதியம். அவள் கேன்டீனுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கூண்டில் விறைத்துக் கிடந்தன. சுரங்கத்தில் வெடி ஒன்றரை மணிக்கு. யோசிக்க ஒன்றுமில்லை. பதிவேட்டில், இறந்த காரணம் என்ற கட்டத்தில் 'வெடி' என்று எழுதினாள்.

"யாருக்கும்மா இதெல்லாம்?" என்றார் வைத்திலிங்கம். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"எங்க அண்ணனுக்குங்க. அவனுக்கும் இதே கோளாறுதான்."

விக்கிக்குப் பிறந்ததிலிருந்தே காது மந்தம். இருபத்தெட்டு வயதில் இப்போது பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரிவதில்லை. அம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனை. எலிக்குக் கண்ணு தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்சிடுமாடி என்று அம்மா கேட்பாள். வீடு விரிசல் விட்டபின் குடிபோன பெரம்பலூரில் ஒவ்வொரு நாளும் அரியலூர் பஸ் ஏறும்போது அந்தக் கேள்வியும் கூடவே ஏறும்.

வைத்திலிங்கம் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"மேக்கால தொளை போடுறது இன்னும் முடியல. நாளைக்கே வச்சுக்கலாம். போம்மா. இன்னைக்கு வெடி கெடையாது."

கும்பிட்டுவிட்டு வந்தாள்.

விலங்கு அறை கல்லூரியின் கடைசிக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் சுரங்கத்தின் மண்மேடு தெரியும். கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த சின்னதுரை நிமிர்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"நிறுத்திட்டாருண்ணே."

"அடேயப்பா. கலெக்டர் சொன்னாவே நிறுத்த மாட்டாங்க."

அன்றைக்கு அவள் கேன்டீனுக்குப் போகவில்லை. டிபன் பாக்ஸை எடுத்து வந்து அறை வாசலில் உட்கார்ந்தாள். பழுதான குட்டிகள் ஐந்து. ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தூங்கின. கணக்குத் தேறக் குறைந்தது நான்கு வேண்டும். ஒன்று உபரி. மூன்று வருஷத்தில் முதல்முறையாகக் கையில் உபரி.

ஒன்று இருபதுக்குச் சங்கு ஊதியது.

சுரங்கத்துச் சங்கு. கீச்சென்று ஏறி, இறங்காமல் நின்றது. ஒரு குட்டி எழுந்து கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அடுத்து இன்னொன்று. மோதின, விழுந்தன, பின்னங்கால்கள் விறைத்து நீண்டன. பிரவீணா கூண்டைத் தூக்கி மடியில் வைத்துத் துப்பட்டாவால் மூடினாள். குனிந்து, அதன்மேல் உடம்பையே கவிழ்த்தாள். சங்கு நிற்கவில்லை.

நின்றபோது நான்கு செத்திருந்தன. ஒன்று மூலையில் ஒண்டியிருந்தது.

போனில் வைத்திலிங்கத்தின் எண்ணை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பியது.

"வெடி இல்லன்னு சொன்னீங்களே?"

"இல்லதாம்மா. வச்சனா? கேட்டுச்சா உனக்கு?"

"சங்கு ஏன் ஊதினீங்க?"

"வெடி இல்லன்னு சொல்லத்தான். நீளமா ஒரு சங்கு வந்தாத்தான் ஜனங்க ஆட்ட ஓட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வருவாங்க. இல்லன்னா பாவம், வெடிக்குக் காத்துக்கிட்டு வெயில்ல நிக்கும். எதுக்கும்மா, என்னாச்சு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வெடி போன்ற கனத்த சத்தம் எலிக்குச் சரியாகக் கேட்காது. கீச்சென்ற சத்தம் மனிதனைவிட நன்றாகக் கேட்கும். இது அவளுடைய ஆய்வேட்டின் முதல் அத்தியாயம். அவளே எழுதியது.

இந்தச் சுரங்கத்தை ஒட்டிய ஊரில் பிறந்தவள். சங்கு என்றால் மணி ஒன்று இருபது, அவ்வளவுதான். அது கேட்டதும் அம்மா உலையை இறக்குவாள். இவள் ஓடிப்போய் விக்கியின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்து வருவாள். பிறகு இருவரும் வெடிக்காகக் காத்திருப்பார்கள். தட்டுகள் அதிரும், சுவர் உதிரும். பயந்ததெல்லாம் வெடிக்குத்தான். சங்குக்கு யார் பயந்தார்கள்?

சின்னதுரை கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"அதான் வெடிக்கலியே, பாப்பா? பின்ன எப்புடி?"

"நீங்க போங்கண்ணே."

"வேற ஈத்து போட்டுக்கலாம் வுடு."

"எப்பண்ணே போடுறது? சினை மூணு வாரம். குட்டி வளர மூணு வாரம். என் ஆராய்ச்சிப் பதிவு முடிய நாலு வாரம்தான் இருக்கு. போங்கன்னு சொல்றேன்ல."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பதிவேட்டைத் திறந்தாள். பழைய இரண்டு கட்டங்களிலும் 'வெடி' என்பதை அடித்துச் 'சங்கு' என்று எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் அடிக்க ஒன்றுமில்லை. நேரே எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது.

போன் அடித்தது. வைத்திலிங்கம்.

"எலியெல்லாம் நல்லாருக்காம்மா? பாதியில வச்சிட்டியேன்னு பாத்தேன். நாளைக்கும் வேணுமின்னா தள்ளி வச்சுக்கவா? எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

மிச்சமிருந்த குட்டி செத்தவற்றின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தது.

"வேண்டாங்க," என்றாள் பிரவீணா. "நீங்க வெடிச்சுக்கங்க."