மேல் பொத்தான்

1

இந்தக் கதைக்குக் காரணம் அலமாரியில் தொங்கும் ஒரு சட்டை. என் வீட்டுக்காரருடையது. துவைத்து மாட்டும்போது கீழிருந்து பொத்தான்களைப் போட்டுக்கொண்டே வந்தவள், மேல் பொத்தானில் நின்றுவிட்டேன். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'பக்கவாதம் அவருடைய வலது கையைப் பறித்துக்கொண்ட அந்த'

வேண்டாம். கை எங்கேயும் போகவில்லை. மடியிலேயேதான் கிடந்தது.

2

உண்மையில் இது தெரபிஸ்டின் கதை. (சட்டை போடுவது, பல் தேய்ப்பது என்று அன்றாட வேலைகளை மறுபடி பழக்குகிறவள். 'மசாஜ் பண்ணுவாங்களே, அதுவா?' என்று கேட்டுவிடாதீர்கள். நாங்கள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டோம்.) அவள் புண்ணியத்தில் இவர் இடது கையாலேயே எல்லாப் பொத்தானும் போடப் பழகினார். மேல் பொத்தானுக்கு மட்டும் காலையில் என்னிடம் வந்து கழுத்தை நீட்டுவார்.

அவள் வேலை பார்க்கும் இடத்தில் தெரபிஸ்டுகள் மாதம் ஒருமுறை கூடி, யாருக்காவது பிடிபடாத கேஸை நடுவில் வைத்து, ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொள்வார்கள். அந்த மாதம் நடுவில் வைக்கப்பட்டது எங்கள் பொத்தான். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள்.

3

கூட்டத்தை நடத்தியவரை வெல்க்ரோ என்றே வைத்துக்கொள்வோம்.

"பட்டனைப் பிச்சுட்டு வெல்க்ரோ தைச்சிடலாமே?" என்றார்.

"பட்டன் மாட்டுற கொக்கி குடுத்துப் பாத்தியாடி?" என்றாள் ஒருத்தி.

"டி-ஷர்ட் போடச் சொல்லுங்க. கதை முடிஞ்சுது."

"கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு அப்படி எங்கதான் போறீங்க சார்?"

"இன்டர்வியூவுக்குத்தான்," என்றார் இவர். "அடிக்கடி கூப்பிடறாங்க."

வெல்க்ரோ சிரிக்கவில்லை. தெரபிஸ்டிடம் திரும்பினார். "நீங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்ப போடறாரா? பாத்திருக்கியா?"

அவள் இவரைப் பார்த்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இல்ல சார். நான் பாக்கல."

[குறிப்பு: இந்த இடத்தில் அவள் காது சிவந்ததாக எழுதி, அடித்துவிட்டேன். பொய் சொன்னாள் என்று எழுத எனக்கு ஆசை. ஆசையும் ஞாபகமும் ஒரே கையெழுத்தில் வந்து தொலைக்கின்றன.]

கூட்டத்தின் தீர்ப்பு: இலக்கு எட்டப்படவில்லை. கையோடு ஒரு கொக்கியும் கொடுத்தனுப்பினார்கள். இவர் அதை வைத்து முதுகு சொறிந்துகொண்டார்.

4

தெரபிஸ்டின் மனதுக்குள் புகுந்து பார்த்தேன். 'ஆமாம் சார், போடறார்' என்றிருந்தால் வெல்க்ரோவின் வாயை அடைத்திருக்கலாம். அத்தனை பேர் நடுவில் நல்ல பெயர். அதை ஏன் அவள்

தெரியவில்லை. உள்ளே இருட்டாக இருக்கிறது. எனக்குத் தெரியவேண்டியதோ ஒன்றே ஒன்று: அவருக்கு வரவில்லையா, எனக்கென்று விட்டுவைத்தாரா?

5

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா, அந்த பட்டன்... அன்னைக்கு மீட்டிங்ல நான்..."

"காபி ஆறுது. முதல்ல குடிம்மா."

குடித்தாள். பிறகு மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம்.

6

முடிவு ஒன்று: அவரால் முடிந்தது. அப்படியென்றால் அந்த மனிதர் தினமும் என்னை ஏமாற்றியிருக்கிறார். அதைத்தான் விரும்புகிறேன், அதனாலேயே நம்ப முடியவில்லை.

முடிவு இரண்டு: முடியவில்லை. வெல்க்ரோ சொன்னதே சரி. அதை எழுத எனக்குக் கை வராது.

நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் உங்கள் கழுத்துப் பொத்தானை இடது கையால் மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வந்ததா, வரவில்லையா என்று என்னிடம் சொல்லவேண்டாம்.