நேர்ந்துவிட்ட தலை

1

தேனி மாவட்டத்தின் ஐந்து தாலுகா மக்களும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கவும். வரலாற்றாசிரியர்கள் பேனாவைத் திறந்துகொள்ளவும். 2007 ஆனி மாதத்துக்கும் 2008 சித்திரைக்கும் இடைப்பட்ட காலத்தில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், ஓர் ஆண்மகனின் முன்னந்தலையில் முடி முளைத்தது.

உட்காரலாம்.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவார்கள். கோர்ட்டும் அவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

கதை எனக்குக் கிடைத்த இடத்தை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குமுளியிலிருந்து இறங்கிய பஸ்ஸை லோயர் கேம்பில் சோதனைக்கு நிறுத்தினார்கள். எனக்கு முன் இருக்கையில் ஓர் ஆள், முதுகு சீட்டில் படாமல், கொலு பொம்மை மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தான். தலையில் தொளதொளவென்று ஒரு துணித்தொப்பி. ஏறிய போலீஸ்காரர் நேராக அவனிடம் வந்தார்.

“தொப்பிக்குள்ள என்னய்யா?”

“முடி சார்.”

“கழட்டு.”

“கழட்டுறேன் சார். தொட்டுறாதீக.”

கழற்றினான். நெற்றிக்கு மேலே சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். பின்மண்டையில் கட்டு. போலீஸ்காரர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கய்யா முடி?”

“இனிமேத்தான் சார் வரும்.”

அப்போது அந்தப் போலீஸ்காரர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. அதை இறக்கிவைக்க இடம் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மேகமலை முகட்டில் மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு ரம்மியமான—” அடித்துவிட்டேன். மேகமலையில் மேகம் தவழாமல் எருமையா தவழும்?

அடுத்து: “நாற்றங்காலிலிருந்து பிடுங்கி வயலில் நடுவதுபோல அந்த டாக்டர்—” இதையும் அடித்தாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் முடி நடவைப் பற்றி எழுதுகிறவன் நெல் நடவைத் தொடாமல் போகமாட்டான் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். காத்திருங்கள்.

மூன்றாவது: “வைகுண்டராஜுக்கு முப்பத்து மூன்று வயது. உரக்கடை வைத்திருந்தான். கல்யாணம் ஆகவில்லை.” இதில் பொய்க்கு இடமில்லை, நிற்கட்டும்.

ஆகாததற்குக் காரணம் தலை. போடியிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, காபி டம்ளரை வாங்கிக்கொண்ட பெரியவர் அவனிடமே கேட்டார்: “மாப்பிள்ளை வெளிய போயிருக்காகளா? நீங்க மூத்தவுகளாக்கும்?”

அந்த வாரமே எறணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டான். அம்மா மூக்கம்மாளிடம், பூச்சிமருந்துக் கம்பெனி டிரெயினிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறது என்றான்.*

* அவன் சொன்ன முதல் பொய். கதாபாத்திரம் பெற்ற தாயிடமே பொய் சொன்னால் கதாசிரியனிடம் என்ன சொல்லும் என்று எனக்கு அன்றே ஓர் உறுத்தல்.

3

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைக்கு மேல் வெள்ளம் போனவர்கள் யாராவது இதைக் குறிப்பெடுக்கக்கூடும். மரத்துப்போகும் ஊசி போட்டு, பின்மண்டையில் காதுக்குக் காது ஒரு பட்டை தோலைக் கீறி எடுத்துத் தைத்துவிடுகிறார்கள். அந்தப் பட்டையிலிருக்கும் முடியை வேரோடு ஒவ்வொன்றாகப் பிரித்து, முன்னந்தலையில் துளைபோட்டு நடுகிறார்கள். நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். வலியைவிடச் சலிப்பு பெரிது.

முடிந்ததும் டாக்டர் தமிழையும் மலையாளத்தையும் சரிபாதி கலந்து உபதேசம் செய்தார்:

“முகம் வீங்கும், பேடிக்கண்டா, பயம் வேண்டா. தலையணை உயர்த்தி வச்சு, சாய்ஞ்சு உறங்கணும். பொருக்கு கட்டும், சொறியக் கூடாது. ஹெல்மெட், வெயில் வேண்டா. கொஞ்ச நாள் கழிஞ்சு நட்ட முடி எல்லாம் கொட்டும்.”

“கொட்டுமா?”

“கொட்டும். வேர் உள்ளே இருக்கும். மூணு நாலு மாசம் ஒண்ணும் காணாது. பின்னே வரும்.”

இங்கேதான் வைகுண்டராஜ் டாக்டரைச் சந்தேகப்பட்டான். ஏனென்றால் தன் கடையில் அவனும் இதே ராகத்தில்தான் பேசுவான். “திராட்சைக்கு இந்த மருந்த அடிச்சா மொதல்ல இலை கொட்டும்ணே. பயந்துறாதீக. அப்புறந்தான் துளிர்க்கும்.” துளிர்க்காத தோட்டக்காரர்கள் சிலர் இன்றும் அவன் கடையிருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

4

வீடு வந்த மறுநாள் வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணை மூடிவிட்டது.

“ஏலே, என்னடா மூஞ்சி பலாப்பழமாட்டம் இருக்கு?” என்றாள் மூக்கம்மாள்.

“கதண்டு கொட்டிருச்சும்மா.”

“எங்கன?”

“கம்பெனிக்காரன் மேகமலைக்குக் கூட்டிட்டுப் போனான்.”

அவள் அருகில் வந்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். “கதண்டு என்னடா வரிசை புடிச்சுக் கொட்டிருக்கு?”

“பெரிய கூடும்மா.”

வீக்கம் நாலைந்து நாளில் வடிந்தது. பொருக்கு உதிர்ந்தது. தையல் பிரிக்க இன்னொரு டிரெயினிங் போய்வந்தான். பிறகு, டாக்டர் சொன்னபடியே, ஒரு காலையில் தலையணை முழுக்க முடி. அன்று கடை திறக்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டான்.

“டாக்டர், கொட்டுது.”

“நான் சொன்னேனல்லோ.”

“சொன்னீக. அதான் பயமா இருக்கு.”

[இந்த இடத்தில் கதாநாயகனின் மனப்போராட்டத்தை ஒரு பத்தி எழுதியிருந்தேன். “வெறுமை” என்ற சொல் மூன்று முறை வந்தது. வழுக்கையைப் பற்றிய கதையில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை என்று எடுத்துவிட்டேன். ஒரு சுவரைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தான், அவ்வளவுதான்.]

5

ஐப்பசி கடைசியில் பூனைமுடி மாதிரி ஏதோ தெரிந்தது. தை மாதம் அது சீப்புக்கு அகப்பட்டது. பங்குனியில் வகிடு. புதுப் போட்டோ எடுத்துத் தரகரிடம் கொடுத்தான். கம்பத்திலிருந்து ஞானசெல்வி என்ற பெண்ணின் வீட்டார், சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறோம், சாமி கும்பிட்ட மாதிரியும் இருக்கும், மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று சொல்லியனுப்பினார்கள். வைகுண்டராஜ் வாழ்க்கையில் முதல்முறையாகத் தேங்காயெண்ணெய் பாட்டிலை நடுவீட்டில் வைத்தான்.

இதற்குள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வந்திருந்தது. “என்னக்கா, ஒம் மகனுக்கு முடி தோப்பா வந்துருச்சு?” மூக்கம்மாள் ஒரே வரியில் பதில் சொன்னாள்: “ஆத்தாட்ட நேந்துக்கிட்டேன்.”

அந்த ஒரு வரி விழாக் கமிட்டித் தலைவர் பேச்சிமுத்துவின் காதுக்குப் போயிற்று. பேச்சிமுத்து மைக் இல்லாதபோதும் மைக் முன்னால் நிற்கிறவர். கடைக்கு வந்தார்.

“தம்பி, இனிமே இந்தச் சிரசு ஒங்க சொந்தச் சொத்து இல்ல. அன்னையின் அருட்கொடை. ஊர்ச் சொத்து. பிளெக்ஸ் வைக்கிறோம்.”

“அதெல்லாம் எதுக்குண்ணே…”

பேச்சிமுத்து தெருவைப் பார்த்தார். ஆள் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். அகன்ற, ஆட்சேபணை இல்லாத வழுக்கை. குரல் இறங்கியது.

“நமக்குள்ள இருக்கட்டும். ஆஸ்பத்திரி எங்கன இருக்கு?”

“எந்த ஆஸ்பத்திரிண்ணே?”

“சரி, சரி.” துண்டு பழைய இடத்துக்குப் போனது.

மறுநாள் முச்சந்தியில் பிளெக்ஸ். மேலே அம்மன், கீழே வைகுண்டராஜின் தலை, அதைவிடப் பெரிதாகப் பேச்சிமுத்து. “அன்னை அருளிய முடியை அன்னைக்கே காணிக்கையாக்கும் அற்புதத் திருமகன்! அனைவரும் வருக!”

வைகுண்டராஜ் கடைசி வரியை இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

“யம்மா, என்னன்னு நேந்த?”

“முடி வளந்தா முடியிறக்குறேன்னு.”

“எறக்குறதுக்கு எதுக்கும்மா வளரணும்?”

6

டாக்டருக்குப் போன் போட்டான்.

“ஷேவ் செய்யலாம். வேருக்கு ஒண்ணும் ஆவாது. பின்னே வரும்,” என்றார் டாக்டர். பிறகு, “பட்சே பின்னாடி தையல் கோடு தெரியும். முடி வளர்ந்தாத்தான் மறையும்.”

அந்தக் கோடு காதுக்குக் காது. ஊர் முன்னால், பிளெக்ஸுக்கு நேர் எதிரே, கம்பத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியும்.

இதோ என் கதாநாயகன் நிற்கிற இடம். முடி திரும்ப வரும் என்கிறார் டாக்டர். குடுத்தவ திரும்பக் குடுப்பா என்கிறாள் தாய். அறிவியலும் அம்மனும் இப்படி ஒரே பேச்சில் நின்று நான் பார்த்ததில்லை. இவன் இரண்டு பேரையும் நம்பவில்லை. நம்பியிருந்தாலும் கோட்டுக்கு இருவரிடமும் பதில் இல்லை.

7

திருவிழாவுக்கு முந்தைய வாரம். மூக்கம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தான்.

“யம்மா, இது ஆத்தா குடுத்தது இல்ல. எறணாகுளத்து ஆஸ்பத்திரில நட்டது.”

அவள் நிமிரவில்லை. “ஒந் தலகாணி உறைய யாருடா தொவைக்கிறது?”

“நீதான்.”

“ரத்தப் பொட்டு இருந்துச்சு. பின்மண்டையில தையலு. கதண்டு தையலும் போடுமாடா?”

“தெரிஞ்சா அப்புறம் எதுக்கு நேந்த?”

“அறுத்து நட்டியில்ல? ஒரு நாள் காலையில அம்புட்டும் தலகாணியில கொட்டிக் கெடந்துச்சு. நீ சோறு திங்காம செவத்தப் பாத்துப் படுத்துக்கிட்ட. நட்டது ஒட்டணும்னு நேந்தேன். நான் வேற என்னத்தச் செய்ய?”

“கொட்டும்னு டாக்டர் மொதல்லயே சொன்னாகம்மா. தன்னால வரும்னும் சொன்னாக.”

“எங்கிட்டச் சொன்னாகளா?”

அவள் பூண்டுத் தோலை ஊதித் தள்ளினாள்.

“கோடு தெரிஞ்சாத் தெரியட்டும். நான் ஊருக்கா நேந்தேன்? நேந்தத முடிக்கலைன்னா நட்டதப் புடுங்கிப்புடுவா. எனக்கு அந்தப் பயந்தான்டா. நீ மறுக்காச் செவத்தப் பாத்துப் படுத்தா என்னால பாக்க ஏலாது.”*

* இந்தப் பேச்சை வைகுண்டராஜ்தான் பிறகொரு நாள் கடையில் வைத்து எனக்குச் சொன்னான். அவன் சொல்லும்போது கண் கலங்கியது. ஆகையால் சந்தேகப்பட்டேன். மூன்று முறை திருத்தப் பார்த்தேன். கடைசியில் ஒரு சொல்லையும் மாற்ற முடியவில்லை. அதனால் சந்தேகம் இன்னும் கூடியிருக்கிறது.

8

இனி முடிவுகள்.

(அ) முடியிறக்கும் கல்லில் உட்காருகிறான். தலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். கத்தி முன்னந்தலையிலிருந்து பின்னால் போகிறது. மடியில் முடி விழுகிறது. பிடரிக்கு மேலே வந்ததும் கத்தி நிற்கிறது. காதுக்குக் காது கோடு. கூட்டத்தில் யாரோ “ஆப்பரேசன்டி!” என்கிறார்கள். கம்பத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பேச்சிமுத்து மைக்கை இழுக்கிறார்: “பெருமக்களே! அன்னை தன் திருநகத்தால் கோடு கிழித்து—” இல்லை. இந்த ஆளை நம்பி ஒரு கதையை முடிக்க முடியாது.

(ஆ) விடிந்ததும் குமுளி பஸ் ஏறிவிடுகிறான். கோயிலில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மறுபடி கூப்பிடுகிறார்கள். மூக்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள். கல்லில் உட்காருகிறாள். கொண்டையை அவிழ்த்து, “எம் மகன் தலைக்குப் பதிலா இந்தத்—”

[இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாள் உட்கார்ந்தேன். முடியவில்லை. அவன் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான் என்று எழுதலாம். இறங்குகிற ஆளா அவன் என்று எனக்குத் தெரியவில்லை.]

(இ) இது உங்களுக்கு. கல்லும் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது, தாயும் நிற்கிறாள். எந்த முடிவில் உங்கள் அம்மாவின் முகத்தை உங்களால் நேராகப் பார்க்க முடியுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிச் சொல்ல வேண்டாம், நம்பமாட்டேன்.

பிளெக்ஸில் தன் படம் ஏன் இல்லை என்று கமிட்டிப் பொருளாளர் தகராறு செய்து, இரண்டு கோஷ்டியாகி, சமாதானக் கூட்டமும் பலிக்காமல், அந்த வருடம் திருவிழா நடக்கவில்லை.