குறட்டை இல்லாத அறை

மூன்றாம் மாடிக்காரர் விடும் குறட்டையைப் பற்றித் தெரியாத ஆள் ஒருவர் அந்தக் குடியிருப்பில் இருந்தால், அவர் அன்று காலைதான் குடிவந்திருக்க வேண்டும். மனிதர் நகரப் பேருந்து ஓட்டுநர். பகலில் ஓட்டுவது பஸ், படுத்தால் ஓடுவது சரக்கு ரயில். அதனால் 'கூட்ஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது எதிரியில்லை, கட்டிய மனைவி.

மனைவிக்கு டோக்கன் அக்கா என்று பெயர். பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து, வரிசைப்படி ஆட்களைக் கூப்பிடுவது வேலை. அவள் கூப்பிடுகிற குரலில் பாதிப் பல்வலி பறந்துவிடும் என்பார்கள். மீதி பயத்தில் பறக்கும்.

அக்காவுக்குக் காலையில் எழும்போதே தலைவலி. லிஃப்டில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யாராவது "என்னக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும்.

"தூங்கினாத்தானே? பக்கத்துல கூட்ஸ் வண்டி போனா எந்த ஸ்டேஷன் மாஸ்டர் கண்ணை மூடுவான்?"

லிஃப்ட் முழுக்கச் சிரிக்கும். கூட்ஸும் அதில் நின்றால் அவரும் தலையைச் சொறிந்துகொண்டே சிரிப்பார். அக்காவின் ரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து இரண்டாகி, இரண்டிலிருந்து மூன்றானது. அழுத்தம் மட்டும் இறங்கினபாடில்லை. சாவியை வைத்த இடம் மறந்துபோவதும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பதும், சாப்பிட்ட கையோடு கண் சொருகுவதும் எல்லாமே குறட்டையின் கணக்கில்தான் ஏறின. மகள் கல்யாணமாகிப் போனதும் அக்கா கூட்ஸை ஹால் சோபாவுக்கு நாடு கடத்தினாள். படுக்கையறைக் கதவைச் சாத்தி, அடியிடுக்கில் பழைய துண்டைச் செருகினாள். அவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பூனை மாதிரிப் போனார். அதற்குப் பிறகும் தலைவலி போகவில்லை. ஏன் போகவில்லை என்று அக்காவும் யோசிக்கவில்லை, அக்கம்பக்கமும் கேட்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது, சரி. ஊரான் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊருக்குமா தெரியாமல் போகும்?

மருத்துவமனையில் மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காதான் கச்சேரி. ஒருநாள் கூட்ஸின் குறட்டையை நடித்துக் காட்டினாள். முதலில் விசில், அப்புறம் ஏற்றம், பெட்டிகள் கோத்துக்கொள்கிற தடதடப்பு. நர்ஸுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பல் டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நடுவுல எங்கயாவது நிறுத்துவாராக்கா?" என்றாள் டாக்டரம்மா.

"நிறுத்துவாரு டாக்டர். திடீர்னு சத்தமே இருக்காது. அப்புறம் முக்குளிச்சு எழுந்தவன் மாதிரி 'ஹா'ன்னு ஒண்ணு. அந்த நடுவுலதான் எனக்கு இன்டர்வெல்."

நர்ஸுகள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அது இன்டர்வெல் இல்லக்கா. அந்த நேரத்துல அவரு மூச்சே விடாம இருந்திருக்கலாம்."

அக்காவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"தூங்கறப்போ தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைச்சுக்கும். ரத்தத்துல ஆக்ஸிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் உலுக்கி எழுப்பும். எழுந்ததே அவருக்குத் தெரியாது. விடியற வரைக்கும் இதே கதைன்னா இதயம் என்னத்துக்காகும்? முன்னெல்லாம் குறட்டைன்னா நாங்களும் சிரிச்சுட்டு விட்டுடுவோம். இப்ப வர்ற ஆராய்ச்சியெல்லாம் பார்த்தா பிரஷர், சர்க்கரை, பக்கவாதம், எதை எடுத்தாலும் இதோட ஒரு முடிச்சு இருக்கு. பகல்ல உட்கார்ந்த இடத்துல அசந்துடுவாங்க. அவரு என்ன வேலை பாக்கறாரு?"

டாக்டரம்மாவுக்கு அது நிஜமாகவே தெரியாது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பஸ் ஓட்டறாரு."

ஒரு நர்ஸ் டிபன் டப்பாவை மூடினாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. நாத்தனார் வந்திருந்தாள். அண்ணன் பக்கம் பேசுவதற்கென்றே பிறந்த பிறவி.

"ஏன் அண்ணி, சோபாவுக்குத் துரத்தினது பத்தலையா? இப்ப ஆஸ்பத்திரிக்கு வேற துரத்தணுமா?"

"மூச்சு நிக்குதாம்டி உங்கண்ணனுக்கு!"

"நின்னிருந்தா நீதான் முதல்ல டோக்கன் போட்டிருப்பியே."

கூட்ஸ் இடையில் மெதுவாகச் சொன்னார்: "டிப்போவுல தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவாங்கம்மா. இந்த ஒரு வேலைதான் எனக்குத் தெரியும்."

"டிப்போவுக்குத் தெரியாம எப்படி? வண்டியில இருக்கிற ஜனங்க கதி?" என்றாள் அக்கா.

கடைசியில் கூட்ஸ் ஒரு நிபந்தனையோடு தூக்கப் பரிசோதனைக்கு இறங்கிவந்தார். தனியாக ஒயரெல்லாம் மாட்டிக்கொண்டு படுக்க அவருக்கு வெட்கமாம். அவளும் மாட்டிக்கொள்ள வேண்டுமாம். அக்கா உடனே சரி என்றாள். ஒழுங்காகத் தூங்குகிறவர்களின் தூக்கம் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க டாக்டருக்கும் ஒன்று வேண்டுமே என்று பெருமை வேறு.

தூக்க மருத்துவமனையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய கருவி இவ்வளவுதான்: விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை, மூக்கடியில் மெல்லிய குழாய். இரண்டு பெட்டிகளுக்கும் அக்காவே பெயர் எழுதி, அக்காவே சீட்டுக் கட்டினாள். தொழில்காரியாயிற்றே.

முடிவு சொல்லும் நாளன்று கைப்பையில் இரண்டு கைக்குட்டைகள் எடுத்துக்கொண்டாள், கூட்ஸுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. மெல்லப் பேசுகிற பெரியவர் அந்த டாக்டர். முதல் தாளைப் பார்த்தார்.

"உங்களுக்குப் பெரிசா ஒண்ணுமில்ல சார். குறட்டை இருக்கு, சத்தமாவே இருக்கு. மூச்சு எப்பவாவது லேசா தடைபடுது, கவலைப்படற அளவுக்கு இல்ல. ஒருக்களிச்சுப் படுங்க, கொஞ்சம் எடை குறைங்க. தாராளமா வண்டி ஓட்டலாம்."

கூட்ஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள். உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்திருக்கும், சொல்லிக்கொள்ள முடியாது.

"அம்மா, நீங்கதான் இன்னைக்கே சிகிச்சை ஆரம்பிக்கணும்."

"யாரு?"

"நீங்க. தூக்கத்துல உங்க மூச்சு திரும்பத் திரும்ப நிக்குது. ஆக்ஸிஜன் ரொம்பக் கீழ போகுது. நீங்க இத்தனை நாள் எப்படி எழுந்து வேலைக்குப் போனீங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாக்டர், பேரை மாத்தி ஒட்டிட்டீங்க. நான் குறட்டையே விடறதில்ல!"

"பெரிய சத்தம் இல்லாமலும் இது வரும்மா. பொம்பளைங்களுக்கு நிறைய அப்படித்தான். தலைவலி, அசதி, மறதின்னு வருவாங்க. கவலை, வயசுன்னு சொல்லி டாக்டருங்க அனுப்பிடுவாங்க. காலையில தலை வலிக்குமா?"

அக்கா வாய் திறக்கவில்லை. கூட்ஸ் திறந்தார். "வலிக்கும் டாக்டர்."

"மூணு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கல. படபடப்பு?"

"இருக்கு டாக்டர்."

"இதுக்கெல்லாம் என்ன காரணம்னு நினைச்சீங்க?"

கூட்ஸ் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "நான்தான் டாக்டர்."

சீட்டு மாறியிருக்க வழியில்லை என்பது அக்காவுக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கட்டியது அவள் கை. இத்தனை வருஷ வேலையில் ஒருவர் டோக்கனுக்கு இன்னொருவரைக் கூப்பிட்டதில்லை அவள்.

முகமூடியும் குழாயும் கொண்ட காற்று மெஷின் ஒன்றைக் கொடுத்தார்கள். தூங்கும்போது மாட்டிக்கொண்டால் தொண்டை அடைக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் லிஃப்டில் ஏற, உள்ளே கீழ்வீட்டு டீச்சர். கண்ணும் காதும் கழுத்தைவிட நீளம் அந்த அம்மாளுக்கு.

"என்னாச்சுக்கா? டெஸ்ட் என்ன சொல்லுச்சு?"

உண்மை நுனிநாக்குவரை வந்தது. அங்கேயே மூச்சடைத்து நின்றது. இத்தனை காலம் ஊருக்கே சொல்லிச் சிரித்த வாயல்லவா?

"நான் சொன்னதுதான் டீச்சர். அவருக்குத்தான். மெஷின் கொடுத்திருக்காங்க."

கூட்ஸ் அவளைப் பார்த்தார். பிறகு மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தார். பிறகு பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான்.

பெட்டி கட்டிலடியில் போயிற்று, பிரிக்காமல். "போட்டுக்கோயேன்" என்பார் கூட்ஸ். "அதை மாட்டிக்கிட்டா தும்பிக்கை வச்ச மாதிரி இருக்கும். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்பாள் அக்கா. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

ஆனால் செய்தி போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? டீச்சர் தன் தங்கையிடம் சொன்னாள். தங்கையின் கணவர் கூட்ஸின் டிப்போவிலேயே கண்டக்டர். கீழ்வீட்டிலிருந்து கிளம்பும்போது 'மூச்சுத் தடை' என்று இருந்தது, டிப்போ வாசலில் இறங்கும்போது 'ஸ்டியரிங்கிலேயே மூச்சு நின்று சாய்ந்துவிட்டார்' என்று ஆகியிருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் கூட்ஸ் கையெல்லாம் டயர்க் கருப்போடு வீட்டுக்கு வந்தார்.

"என்னங்க இது?"

"டயர் ஸ்டோர்ல போட்டுட்டாங்க. நாளைக்கு என் பேரு 'ஓட்டத் தகுதியில்லை'ன்னு தலைமை ஆபீசுக்குப் போகுது. போச்சுன்னா அப்புறம் வண்டியைத் தொட விட மாட்டாங்க."

"நீங்க உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே!"

"உனக்கு வெளிய தெரிய வேணாம்னு தோணுச்சு. எனக்கென்ன, ஏற்கெனவே கூட்ஸ்தானே." சோப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனுஷர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

மறுநாள் வேலைக்குப் போகாமல், இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு டிப்போ மேனேஜர் அறையில் போய் நின்றாள்.

"சார், வியாதி எனக்கு. அவருக்கு இல்ல. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

மேனேஜர் தாள்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சிரித்தார்.

"அம்மா, புருஷன் வேலைக்காகப் பொண்டாட்டி பேசறது சகஜம். ஆனா அவரு தூங்கினா கட்டடமே ஆடுமாமே. ஸ்டேஷன் மாஸ்டர் கதையெல்லாம் இங்க வரைக்கும் வந்தாச்சு. நீங்களே சொன்னதாத்தான் கேள்வி."

"அது வந்து... சும்மா சிரிக்கறதுக்கு..."

"நீங்க வேற ஆஸ்பத்திரியில இருக்கீங்க. பேரை மாத்தி ஒட்டறது கஷ்டமா என்ன?"

அவள் டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை. அக்காவுக்குக் காது சுட்டது.

"சத்தியமா சார்..."

"உட்காருங்க. ஒரு போன் பேசிட்டு வரேன். பேரு சாயங்காலம்தான் போகும்."

சுவரோரமாக நீள பெஞ்சு. தலைக்கு மேல் மின்விசிறி. சாயங்காலத்துக்குள் என்ன செய்வது, யாரைப் பிடிப்பது, டாக்டரையே கையோடு கூட்டிவந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தாள் அக்கா. யோசனைக்கு நடுவே தலை சுவரில் சாய்ந்தது அவளுக்குத் தெரியாது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தண்ணீர் முகத்தில் விழுந்தது. மூச்சு கிழித்துக்கொண்டு உள்ளே போக, அக்கா கண்ணைத் திறந்தாள்.

சுற்றிலும் காக்கிச் சட்டைகள். வாசலை அடைத்துக்கொண்டு மெக்கானிக்குகள். ஒருவன் செம்பைச் சாய்த்தபடி நின்றான். ஒரு கண்டக்டர் போனில் "ஆமாங்க, லேடீஸ்தான், மூச்சு இல்ல, சீக்கிரம்" என்று கத்திக்கொண்டிருந்தார். மேனேஜருக்குப் பேயறைந்த முகம்.

"என்ன ஆச்சு? லேசாக் கண்ணு அசந்துடுச்சு. அதுக்கு எதுக்கு இத்தனை பேரு?" என்றாள் அக்கா, முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"அசந்தீங்களா?" மேனேஜருக்குக் குரல் சரியாக வரவில்லை. "அம்மா, உங்க நெஞ்சு மேல எழும்ப முயற்சி பண்ணுது, காத்து மட்டும் போகல. உதடெல்லாம் ஒரு மாதிரி நிறம் மாறிடுச்சு. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். திடீர்னு 'ஹா'ன்னு ஒரு இழுப்பு. அப்பாடான்னு உட்காரப் போனா மறுபடியும் நின்னுடுச்சு. மறுபடியும். நாலு பேரைக் கூப்பிட்டேன். ஒருத்தருக்கும் தொடற தைரியம் வரல. அவரைத்தான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வந்தாங்க."

அப்போதுதான் அக்கா கீழே பார்த்தாள். காலடியில் கூட்ஸ் முட்டி போட்டிருந்தார். தோளை உலுக்கியது அவர்தான். அவள் ரவிக்கைத் தோள்களில் அவருடைய பத்து விரலும் டயர்க் கருப்பில் பதிந்திருந்தன. இத்தனை வருஷத்தில் அவள் மூச்சு நிற்பதை அவரும் பார்த்ததில்லை. பக்கத்தில் படுத்த காலத்தில் குறட்டையில் இருந்தவர், பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் போனவர், எங்கே பார்ப்பது?

மேனேஜர் மேசையிலிருந்த இரண்டு ரிப்போர்ட்டையும் மறுபடி எடுத்து, இந்த முறை நின்றபடியே படித்தார். எழுதிவைத்திருந்த தலைமை ஆபீஸ் கடிதத்தை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"நாளைக்கு வண்டி எடுங்க. இப்ப இவங்களைக் கூட்டிட்டுப் போங்க. அந்த மெஷினை மாட்டற வரைக்கும் தூங்க விடாதீங்க."

கூட்ஸ் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்தபடி பெரிய மனிதர் குழந்தை மாதிரித் தேம்பினார். வாசலில் நின்ற கண்டக்டர், டீச்சரின் தங்கை கணவர்தான், கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் குடியிருப்பின் எல்லா மாடிக்கும் இது போய்விடும் என்று அக்காவுக்குத் தெரியாதா?

"எழுந்திருங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்" என்றார் கூட்ஸ். "இத்தனை வருஷமா ஒருத்தர்கூடப் பாக்கலையேம்மா."