ஒன்றரை இன்னாசிக் காற்று

கற்பிட்டி டிஸ்பென்சரித் தராசில் நான் ஏறியதும் முள் கடைசி எண் வரைக்கும் போய், அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே நின்று நடுங்கியது. டொக்டர் இளம் ஆள். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் முள்ளைப் பார்த்தார்.

"என்ன வேல செய்யிறீர்?"

"கடல் வேல, ஐயா."

"கடல் வேல செய்யிற ஆளுக்கு இந்த உடம்பு எப்பிடி வந்தது?"

"இந்த உடம்புதான் ஐயா என்ர வேல."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த எனக்கு மூச்சும் இல்லை. அந்த மூச்சுக்காகத்தான் எங்கள் ஊர் கண்டக்குழியிலிருந்து வண்டியில் வந்திருந்தேன். வலை இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருந்தது. டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கனநேரம் கேட்டார். பிறகு மெதுவாகக் கதைத்தார். சாப்பாடு ஒவ்வொன்றிலும் ஒரு சூடு இருக்கிறதாம், அதற்குக் கலோரி என்று பேராம். உடம்பு எரிக்கிறதைவிடக் கூடப் போட்டால் மிச்சம் கொழுப்பாகிறதாம். வாயில் போடுகிறதையெல்லாம் எழுதி, பக்கத்தில் அதன் கலோரியையும் போட்டு, இராத்திரி கூட்டிப் பார்க்கச் சொன்னார்.

"எழுத வாசிக்கத் தெரியுமோ?"

"நாப்பது வயசில படிச்சனான், ஐயா. கோயில் உபதேசியாரிட்ட."

"நல்லது. மெலியாட்டி, ஒரு நாளைக்கு நீர் கடலுக்குப் போவீர், உம்மட வள்ளம் மட்டும்தான் கரைக்கு வரும்."

திரும்பி வரும் வழியெல்லாம் யோசனைதான். எங்கள் வள்ளம் ஒடுக்கமானது. ஒரு பக்கத்தில் இரண்டு வளைந்த கழிகளின் நுனியில் ஒரு மிதவைக் கட்டை கட்டியிருக்கும். காற்று பலத்தால் பாய் சாய்ந்து கட்டை தண்ணீரைவிட்டு எழும்பும். அப்போது ஆள் ஒருவன் கழிமேல் ஏறிப்போய் இருந்து அதை அமர்த்த வேண்டும். மற்ற வள்ளங்களில் காற்றை ஒரு ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்பார்கள். எங்கள் முதலாளி, சம்மாட்டி சவிரிமுத்துவின் வள்ளத்தில் மட்டும் என் பேரால் அரை இன்னாசி, ஒரு இன்னாசி என்பார்கள். கழியில் வெளியே போகப் போகப் பாரம் கூடும், அதனால் அரைக்குக் கழியின் அடியிலும் முழுசுக்கு நடுவிலும் இருப்பேன். இரண்டு பேர் போகும் இடத்துக்கு நான் ஒருவன் போதும். அப்படி மிச்சமாகும் இடத்தில் வலை கூட ஏற்றலாம். அதற்காகவே, கூப்பனுக்கு அளந்து அரிசி தந்த காலத்திலும், சம்மாட்டி வீட்டிலிருந்து காலையில் எனக்கென்று ஒரு சட்டி பிட்டு வரும். மெலிந்தால் கழியில் என் இடம் போய்விடும். மெலியாவிட்டால் நானே போய்விடுவேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு சட்டிப் பிட்டு.

டொக்டர் சொன்னபடியே தொடங்கினேன். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போனபோது விட்டுப்போன சிலேட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. எழுத்து எனக்குப் பிந்தி வந்த சொத்து, அதனால் ஒவ்வொரு எழுத்தையும் ஆறுதலாக, வடிவாக எழுதுவேன். பிட்டு, கீரிமீன் சொதி, தேங்காய்ச் சம்பல், இறால் பொரியல் என்று எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்ப்பேன். வாசித்ததும் வாயூறும். எழுந்து குசினிக்குப் போவேன். போய்த் தின்றதையும் எழுத வேண்டும். டொக்டர் எழுதித் தந்த கலோரிக் கணக்கில் பாணும் பட்டரும் முட்டையும்தான் இருந்தன. சொதியில் எவ்வளவு சூடு என்று யாரிடம் கேட்பது? "இறால் பொரியல்" என்பதை மட்டும் அழிக்க மனமில்லாமல் கனநாள் வைத்திருந்தேன்.

கருவாட்டுக்கு மீன் எடுக்க வரும் மஸாஹிர் சிலேட்டைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாசி மச்சான், எங்கட நோம்பப் புடிங்க. விடியச் சுபஹுலேந்து பொழுதுபட மஹ்ரிபு வரைக்கும் ஒண்டும் இல்ல. எழுத்தும் வாணாம், கூட்டலும் வாணாம்."

"அப்ப நீ ஏன் ஒவ்வொரு நோம்புக்கும் கொழுத்து வாறாய்?"

"அது மஹ்ரிபுக்குப் பொறகு நடக்கிற விசயம். அத நீங்க கேக்கப்படாது."

பிறகு எனக்கே ஒரு வழி தோன்றியது. செபமாலை. மாலையின் மணி ஒன்றுக்கு ஒரு வாய் சோறு. நாள் முழுவதற்கும் ஒரு மாலை, அதற்கு மேல் இல்லை. சிலேட்டும் வேண்டாம், கூட்டலும் வேண்டாம், விரல் அறியும். பெரிய மணிகளைக் கள்ளுக்கு வைத்துக்கொண்டேன். நல்ல ஏற்பாடென்று எனக்குள் பெருமையாகவும் இருந்தது. என் மனைவி அல்பொன்சா இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்க, இது ஒரு வாயா? இத அள்ளிப் போட்டா வரம்பு கட்டலாம்."

உண்மைதான். மணி குறையக் குறைய பிடி பெருத்துப் போயிருந்தது. அதைவிட மோசம் பின்னேரச் செபத்தில் நடந்தது. வீட்டில் நானும் அவளும் முழந்தாளில் நின்று மாலை சொல்லும்போது, விரலில் மணி நகர நகர எனக்கு மீன்குழம்பு மணந்தது. இரண்டாம் பத்து முடியுமுன் வயிறு சத்தம் போட்டது. மரியாயே என்று சொல்லி வாயை மூடாமல் அடுத்த பிடிக்குக் காத்திருந்தேன். அல்பொன்சா செபத்தை நிறுத்தாமல் கையை நீட்டி, என் விரலிலிருந்த மாலையை உருவி எடுத்தாள். அதில் குழம்பு எண்ணெய் ஒட்டியிருந்தது. சாம்பல் போட்டுக் கழுவி மாதா படத்தில் தொங்கவிட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"இனி நீங்க எண்ண வேணாம். சோறு நான் போடுறன். ரெண்டு பீங்கான், ஒரே அளவு. எனக்கு எவ்வளவோ அவ்வளவுதான் உங்களுக்கும்."

"எந்த அளவால?"

"இந்தச் சிரட்டையால."

அடுத்த நாள் அவள் பீங்கான்கள் இரண்டையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிரட்டையால் எனக்கொன்று தனக்கொன்றாகப் போட்டாள். என் பீங்கானைப் பார்த்து எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவள் தன் பீங்கானைப் பார்த்தபடி கை வைக்காமல் இருந்தாள்.

"ஏன் புள்ள, காணாதா?"

"கூடிப்போச்சு. இவ்வளவு நான் தின்னுறதில்ல."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். எடுத்த பிடியை நான் பீங்கானிலேயே திரும்ப வைத்தேன். எத்தனையோ வருஷமாக நான் தின்று எழும்பிய பிறகுதான் அவள் சட்டியை வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். அதில் என்ன இருந்தது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. "தின்னு, நீ தின்னாத்தான் என்ர கணக்குச் சரி வரும்" என்றேன். பேய்க்கதை என்று சொல்லிக்கொண்டு தின்றாள். அன்றிலிருந்து அவள் கடைசி வாய் வைக்கும் வரைக்கும் நான் எழும்புவதில்லை. அவள் மெதுவாகத் தின்பவள். அவளைப் பார்த்து நானும் மெதுவாகத் தின்னப் பழகினேன். சம்மாட்டி வீட்டுப் பிட்டு வந்தால் அதுவும் சிரட்டைக்குள்தான், இரண்டு பீங்கானுக்கும்தான்.

சோளகக் காற்று ஓய்ந்து கடல் தொழிலுக்குத் திறந்தபோது என் சாரன் இடுப்பில் நிற்கவில்லை, கயிறு போட்டுக் கட்டினேன். அல்பொன்சாவின் கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. நெஞ்சுக் கயிறும் தளர்ந்திருந்தது. ஆனால் வள்ளத்தில் முகங்கள் நல்லாயில்லை. என்னோடு வள்ளத்துக்கு வரும் யாக்கோபுதான் முதலில் வாயைத் திறந்தான்.

"முந்தி அரை இன்னாசிக் காத்து எண்டா நீ கழி அடியில இருந்தாப் போதும். இப்ப அதே காத்துக்கு நடுக்கழியில முழு இன்னாசி வேண்டிக் கிடக்கு."

"காத்து கூடிப்போச்சு," என்றேன்.

"காத்து கூடயில்ல. காசு தேயிற மாதிரி நீ தேஞ்சு போனாய்."

எல்லாரும் சிரித்தார்கள். சம்மாட்டி சிரிக்கவில்லை. சுக்கான் பிடித்தபடி கடலைப் பார்த்துச் சொன்னார்:

"இன்னாசி, உன்னில எனக்குக் கோவமில்ல. குறிஞ்சிப்பிட்டியில என்ர மச்சினன் ஒருத்தன் இருக்கிறான், நல்ல பாரம். இண்டைக்கு ஓடிப் பாப்பம். கட்டை அமராட்டி அடுத்த கிழமை அவன ஏத்துவன். நீ கரையில இருந்து கிழிஞ்ச வலை பொத்து."

நான் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? கரையில் வலை பொத்துகிறவனுக்கும் சோறு உண்டுதான். என்றாலும் என் கால் ஈரமான நேரம்தான் எனக்கு நல்ல நேரம்.

மத்தியானத்துக்குப் பிறகு, மீனோடு திரும்பும்போது காற்று எழும்பியது. பாய் புடைத்தது. கட்டை தண்ணீரைவிட்டு எழும்பி, அடிப்பாசியைக் காட்டியது. "ஒண்டரை இன்னாசி!" என்று யாக்கோபு கத்தினான். நான் கழியில் ஏறி நடுவில், வழக்கமான இடத்தில் இருந்தேன். கட்டை அமரவில்லை. வள்ளத்தின் மறுபக்கம் தண்ணீர் உள்ளே விழத் தொடங்கியது. யாரோ அள்ளும் சத்தம் கேட்டது. சம்மாட்டி பாயை இறக்கச் சொல்ல வாயெடுத்தார். இறக்கினால் இருட்டுமுன் கரை இல்லை, மீனும் பழுதாகிவிடும்.

நான் இன்னும் வெளியே நகர்ந்தேன். அதுவரைக்கும் நடுக்கழியைத் தாண்டிப் போனதில்லை. நுனியில் கழி மெல்லிசு, என் பழைய பாரத்தைக் கட்டுக்கள் தாங்கா. சம்மாட்டியே முந்தி தடுத்திருக்கிறார். இப்போது அவர் தடுக்கவில்லை. இரண்டு கழியிலும் கையும் காலுமாக, நண்டுபோல நகர்ந்து நகர்ந்து போனேன். கழி வளைந்தது. முறுகிக் கத்தியது. முறியவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் நெஞ்சு இறுகவில்லை. கடைசியில் கட்டைக்கு நேர் மேலே போய்க் குந்தியதும் அது மெதுவாக இறங்கித் தண்ணீரைத் தொட்டது, தொட்டுப் பிடித்துக்கொண்டது. பாதம் இரண்டையும் அலை அடித்தது.

சம்மாட்டி பாயை இறக்காமல் சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினார். அடுத்த கிழமை மச்சினனை ஏற்றும் கதையைப் பிறகு அவர் எடுக்கவேயில்லை. நான் ஒரு கையால் கழியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்த வள்ளத்தில் போய்வந்திருக்கிறேன், உள்ளிருந்தோ நடுக்கழியிலிருந்தோ அதன் பக்கப் பலகையைத்தான் பார்த்திருக்கிறேன். அன்று அது முழுதாகத் தெரிந்தது. வெயில் பட்டுச் சிவந்த பாய், சுக்கானில் கூனியிருந்த சம்மாட்டி, தண்ணீர் அள்ளும் யாக்கோபுவின் முதுகு, நடுவில் குவியலாகத் துடிக்கும் மீன். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஒரு மெல்லிய கறுப்புக் கோடுபோல வள்ளம் என்னோடு பக்கத்தில் ஓடி வந்தது.