ஜில்லென்று இருந்த மதர்போர்டு

தேவதர்ஷினிக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பார்க்கிற உத்தியோகம் அப்படி. ரயில் வந்து நின்றதும் சக்கரம் சக்கரமாகப் போய், சூடு அளவு மீறியிருக்கிறதா என்று சோதிக்கிறவள் அவள். கையில் கருவி கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் புறங்கை சொன்ன பிறகுதான் கருவி சொல்வதை ஏற்றுக்கொள்வாள். பொன்மலை குவார்ட்டர்ஸில் அவள் வீட்டு இட்லிச் சட்டிக்கும் இதே சோதனைதான்.

அப்படிப்பட்டவளுக்கு கம்ப்யூட்டரில் அனிமேஷன் செய்கிற பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. யாரும் சொல்லித்தரவில்லை. சமையல் நேரம் போக மிச்ச நேரத்தில் தானாகக் கற்றுக்கொண்டாள். பயிற்சிப் பிரிவு அதிகாரி மார்ட்டின் காதுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. பாதுகாப்பு வாரத்துக்கு மூன்று நிமிஷப் படம் ஒன்று வேண்டும், சக்கரம் சூடேறினால் என்ன ஆகும் என்று காட்டணும், முடியுமா என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை மதியத்துக்குள் கொடுத்தால் பயிற்சிப் பிரிவிலேயே அவளுக்கு ஓர் இடம் உண்டு. கொடுக்காவிட்டால் வேலை வெளியாளுக்குப் போய்விடும். அவள் பழையபடி சக்கரத்தடிக்கே திரும்பவேண்டியதுதான்.

படத்தின் காட்சிகளையெல்லாம் அமைத்து முடித்தாயிற்று. அவற்றை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கணக்குப் போட்டு வரைந்து தரவேண்டியது கம்ப்யூட்டர். வீட்டிலிருந்த பழசோ புதன்கிழமை கண்ணை மூடிவிட்டது. பெங்களூரில் இருக்கும் தம்பி நவநீதன் தன்னுடைய பிராசசரை அன்று ராத்திரி பஸ்ஸிலேயே கொடுத்து அனுப்பினான். அதைப் பொருத்த ஒரு மதர்போர்டு வேண்டும். சாதாரண வேகத்தில் ஓட்டினால் படம் முடிய நூற்றைந்து மணி நேரம். வியாழன் சாயங்காலம் ஆரம்பித்தால் திங்கள் மதியத்துக்கு இருப்பதோ தொண்ணூறு. ஆனால் அந்த பிராசசரை, செய்தவர்கள் சொன்ன வேகத்துக்கும் மேலே முடுக்கி ஓட்டலாம். அதற்குத்தான் ஓவர்கிளாக் என்று பெயர். அப்படி ஓட்டினால் எண்பத்துநாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். நடுவில் எங்கேயும் படுத்துக்கொள்ளாமல் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மதியம் லீவு போட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் ஸ்ரீரங்கராஜனின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தாள். நெற்றியில் பளிச்சென்று திருமண், சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர். மனுஷர் பேச்சில் கெட்டிக்காரர்.

“வாங்கோ. என்ன பட்ஜெட்?”

“ஏழாயிரத்துக்குள்ள சார். ஓவர்கிளாக் பண்ணணும். நாலு நாள் நிக்காம ஓடணும்.”

முதலில் அவர் எடுத்துப் போட்ட போர்டை, பெட்டியின் மேலிருந்த பெயரைப் படித்த கையோடு அவள் திருப்பிக் கொடுத்தாள். அந்த வரிசையில் வேகத்தைக் கூட்ட வழியே கிடையாது, பூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்ரீரங்கராஜன் அவளை இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் இரண்டு போர்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று கறுப்பாக, மொட்டையாக, கல்யாணத்துக்கு அழைக்காத விருந்தாளி மாதிரி இருந்தது. இன்னொன்றில் விளக்கென்ன, வெள்ளிக் கவசமென்ன, சும்மா சொல்லக்கூடாது, கண்ணைப் பறித்தது. விலை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

“ரெண்டையும் ஓட்டிப் பாக்கலாமா சார்? தொட்டுப் பாத்துட்டு வாங்கிக்கறேன்.”

“தொட்டுப் பாத்து வாங்க இது என்னம்மா கத்திரிக்காயா?” என்று சிரித்தாலும், ஆசாமிக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பிராசசரைக் கறுப்பில் மாட்டினார். தேவதர்ஷினி வேகத்தைக் கூட்டினாள். பிராசசருக்கு மின்சாரம் ஊட்டுகிற சின்னச் சின்னப் பாகங்கள் போர்டின் ஓரமாக வரிசையாக இருக்கும். அவைதான் முதலில் கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே விட அவற்றின் மேல் ஓர் உலோகக் கட்டி உட்கார்ந்திருக்கும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து அந்தக் கட்டியில் புறங்கையை வைத்தாள். நாலு எண்ணுவதற்குள் கையை எடுக்கவேண்டி வந்தது. திரையில் வேகம் மட்டும் குறையாமல் அப்படியே இருந்தது.

அடுத்தது வெள்ளி; இதில் அந்தக் கட்டிக்குப் பதில் கவசம். அதே பிராசசர், அதே வேகம், அதே கால் மணி நேரம். தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

“பாத்தேளா?” ஸ்ரீரங்கராஜனுக்கு வாயெல்லாம் பல். “பெருமாள் கிருபையில இதுவரைக்கும் ஆறு குடுத்திருக்கேன். சூடுங்கற பேச்சே கிடையாது.”

அவளுக்கும் சந்தோஷம்தான். வெள்ளியையே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்து பையைத் திறந்தாள். ஆனால் புறங்கை சும்மா இருக்கவில்லை. என்னவோ ஒன்று நெருடியது. இந்த ஜில்லிப்பை இதற்கு முன் எங்கேயோ தொட்டிருக்கிறோமே, எங்கே?

நினைவு வந்ததும் பையை மூடினாள். பிரேக் பிடித்து ரயில் நின்ற பிறகு எல்லாச் சக்கரமும் ஓரளவு சுடவேண்டும். அதில் ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது நல்ல சக்கரம் அல்ல. அதில் பிரேக்கே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

“சார், இன்னும் பத்து நிமிஷம் ஓடட்டும்” என்றாள்.

போர்டின் பின்பக்கம், தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டுப் புறங்கையைக் கொண்டுபோனாள். அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரி அனல் அடித்தது. முன்னால் குளிர், பின்னால் நெருப்பு. எட்டாவது நிமிஷம் திரையில் வேகம் சரசரவென்று பாதிக்கு இறங்கியது.

ஸ்ரீரங்கராஜன் மெஷினை அணைத்தார். சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரால் கவசத்தைக் கழற்றினார். உலோகத்துக்கும் பாகங்களுக்கும் நடுவில் மெத்தென்று ஒரு பட்டை இருக்கவேண்டும், சூடு அது வழியாகத்தான் மேலே ஏறும். கம்பெனியில் பட்டையை வைக்கவே மறந்துவிட்டிருந்தார்கள். கவசம் எதையும் தொடாமல் வெறுமனே அழகு காட்டிக்கொண்டிருந்தது.

“நாலு மாசமா வர்றவா போறவாகிட்டல்லாம் இதைத் தொட்டுக் காமிச்சிண்டிருக்கேன்” என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. “அந்த ஆறு பேருக்கும் இப்பவே போன் பண்றேன். திறந்து பாத்துடணும்.”

கறுப்பு போர்டை வாங்கிக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினாள். மடியில் பெட்டி. பாலத்துக்குக் கீழே காவிரி மணலாகக் கிடந்தது. போர்டு கிடைத்துவிட்டது, நேரமும் இருக்கிறது, ஆனாலும் மனசு ஆறவில்லை. தன் படத்தை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சூடான சக்கரம், சூடான சக்கரம், மறுபடியும் சூடான சக்கரம். குளிர்ந்த சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினோரு வருஷம் தொட்டுப் பார்த்த நாமே அந்த ஜில்லிப்பை நம்பிக் கடையில் பையைத் திறந்துவிட்டோமே, நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் என்ன செய்வான்?

இருபது விநாடிக் காட்சி ஒன்று சேர்க்கவேண்டும். எளிய காட்சிதான் என்றாலும் அதை வரைய கம்ப்யூட்டருக்கு ஐந்து மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். கையில் மிச்சம் இருப்பதே ஆறு மணி நேரம். ஒரு தடவை படுத்தாலும் எல்லாம் போச்சு. மார்ட்டின் சார் கேட்காத காட்சி வேறு. பஸ் மாறிப் பொன்மலையில் இறங்கும்போது சேர்ப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

மூன்றரை நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டியைத் தொடுவாள். சுடும். அப்பாடா என்று இருக்கும். கையைப் பொசுக்குகிற சூட்டைத் தொட்டு நிம்மதியடைந்தது அவள் சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பதினோரு மணி தாண்டி இருபது நிமிஷத்துக்குக் கடைசி ஃப்ரேம் முடிந்தது. பென் டிரைவோடு ஓடினாள்.

பயிற்சிப் பிரிவு ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளோடு வேலை பார்க்கும் வீரமலை, “பொம்மைப் படம் போடறாங்கப்பா” என்று பக்கத்து ஆளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. படம் ஓடியது. கடைசியில் அந்த இருபது விநாடி வந்தது. பிரேக் பிடித்து நின்ற ரயிலில் வரிசையாகச் சிவந்த சக்கரங்கள், நடுவில் ஒன்று மட்டும் நீலம். அதைத் தொட்ட கை, நல்லாயிருக்கு என்று நகர்ந்து போகிறது. ரயில் மறுபடி புறப்படுகிறது.

விளக்கு போட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. வீரமலை தன் புறங்கையைத் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கடைசி சீன் நான் எழுதித் தரலையேம்மா” என்றார் மார்ட்டின்.

“இல்லை சார். மதர்போர்டு வாங்கப் போன இடத்துல கிடைச்சது.”

மார்ட்டின் திரைப் பக்கம் திரும்பினார். “அதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லு” என்றார். போட்டார்கள். முடிந்ததும், “ஒண்ணாம் தேதியிலேர்ந்து நம்ம பிரிவுக்கு வந்துடும்மா. அடுத்த படத்துக்கு நாளைக்கே ஆரம்பிச்சிடலாமா?” என்று கேட்டார்.

“நாளன்னைக்கு வெச்சுக்கலாம் சார்” என்றாள் தேவதர்ஷினி. “மெஷின் இன்னும் சுடுது. கொஞ்சம் ஆறட்டும்.”